ஆச்சார்ய ராயும் என் மோல் கணக்கும்



இந்தத் தாளில் ஓர் அறிஞரின் வாழ்க்கையை எழுதும் முறை இந்த மாதம் எனக்கு வந்திருக்கிறது. வந்திருக்கிறது என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் இது எனக்குக் கிடைத்த தண்டனை. பதினோராம் வகுப்பு நண்பர்களுக்கு விஷயம் தெரியும். மற்றவர்களுக்கும் எப்படியும் தெரியத்தான் போகுது, நானே சொல்லிவிடுகிறேன்.

காலாண்டுத் தேர்வு வேதியியல் தாளில் ஒரு கேள்வி. 0.25 மோல் கால்சியம் கார்பனேட்டின் நிறை என்ன? மோல் என்ற சொல்லைக் கண்டால் என் கை தானாக 6.022 × 10²³ என்று எழுத ஆரம்பித்துவிடும். அன்றைக்கும் எழுதியது. கால் மடங்கு எடுத்து 1.5 × 10²³ கிராம் என்று போட்டு, அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடும் போட்டேன். சரியான விடை 25 கிராம். நம் சார் என் விடையை வகுப்பில் படித்துக் காட்டினார். அவ்வளவு சுண்ணாம்புக்கல் வேண்டுமென்றால் நிலாவை ஏறக்குறைய ஐந்நூறு துண்டாக உடைத்து அதில் ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனா காது ரெண்டும் சுட்டது.

இம்போசிஷன்தான் என்று நினைத்தேன். சார் வேறு மாதிரி செய்தார். நூலகத்திலிருந்து ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ராய் பற்றிய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். இந்த மனிதர் ஒரு தராசை வச்சுக்கிட்டு என்ன செய்தார் என்று படித்துவிட்டுச் சுவர் இதழில் எழுத வேண்டும். கூடவே, அவருக்கு எந்த இடத்திலாவது 6.022 தேவைப்பட்டதா என்றும் பார்த்துச் சொல்ல வேண்டும். இதுதான் தண்டனை. படித்தேன். எழுதுகிறேன்.

ராய் 1861-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் தேதி வங்காளத்தில் ராருளி என்ற கிராமத்தில் பிறந்தார். அப்போது அது ஜெசோர் மாவட்டம். இப்போது வங்காளதேசத்தில் குல்னா பக்கம் இருக்கிறது. அப்பா ஹரிஷ் சந்திரர் நிலபுலன் உள்ளவர், படிப்பாளி, வீட்டிலேயே நூலகம் வைத்திருந்தவர். பிள்ளைகள் படிப்புக்காகக் குடும்பம் கல்கத்தாவுக்குக் குடி வந்தது. ராய் ஹேர் பள்ளியில் சேர்ந்தார். பதின்மூன்று வயதில் கடுமையான வயிற்றுக்கடுப்பு. படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் கிடந்தார். அந்த நோயின் மிச்சம் கடைசி வரை அவரை விடவில்லை. சாப்பாட்டை அளந்து சாப்பிட்டு, நேரத்துக்கு நடந்து, உடம்பை நூல் பிடித்த மாதிரி வைத்துக்கொண்டவர். ஆனால் வீட்டில் கிடந்த காலத்தில் அப்பாவின் புத்தகங்களை எல்லாம் தின்று தீர்த்துவிட்டார். (நமக்குக் காய்ச்சல் வந்தால் டி.வி. முன்னால் கிடப்போம்.)

பிறகு வித்யாசாகர் நடத்திய கல்லூரியில் சேர்ந்தார். அங்கே வேதியியல் கிடையாது. அதனால் பிரசிடென்சி கல்லூரியில் பெட்லர் என்ற ஆங்கிலப் பேராசிரியரின் வகுப்புக்கு வெளி மாணவராகப் போய் உட்கார்ந்தார். பெட்லர் வகுப்பிலேயே சோதனை செய்து காட்டுவாராம். பார்த்த சோதனையை ராயும் ஒரு நண்பரும் தங்கியிருந்த அறையில் செய்து பார்த்தார்கள். தகரம் அடிக்கிறவரிடம் சொல்லிப் பற்றவைத்து, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்த்து எரிக்கிற ஊதுகுழல் ஒன்று செய்தார்கள். அது ஒருநாள் வெடித்தே விட்டது. நல்ல காலம், யாருக்கும் காயமில்லை. இதைப் படித்ததும் எனக்கு அவர்மேல் பிரியம் வந்துவிட்டது.

1882-இல் கில்கிரைஸ்ட் உதவித்தொகைத் தேர்வில் வென்று ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1885-இல் பி.எஸ்சி., 1887-இல் டி.எஸ்சி. அங்கே படிக்கும்போதே இந்தியாவில் ஆங்கில ஆட்சியைக் குறை சொல்லி ஒரு கட்டுரையும் எழுதினார். 1888-இல் ஊர் திரும்பினார். ஒரு வருடம் வேலையில்லை. நண்பர் ஜகதீஷ் சந்திர போஸ் வீட்டில் தங்கியிருந்தார். ஆமாம், செடிக்கும் உணர்ச்சி உண்டு என்று காட்டிய அதே போஸ்தான். 1889-இல் பிரசிடென்சி கல்லூரியில் மாதம் 250 ரூபாய்ச் சம்பளத்தில் தற்காலிக உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தது. அதே படிப்புப் படித்துவிட்டு இங்கிலாந்திலிருந்து நியமனம் பெற்று வருகிற வெள்ளைக்காரருக்கு இதைவிடப் பல மடங்கு சம்பளம். ராய் மேலதிகாரியிடம் போய்க் கேட்டார். வேறு எத்தனையோ தொழில் இருக்கிறது, இந்த வேலைக்கு உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்கிற மாதிரி பதில் வந்தது. ராய் வேலையை விடவில்லை. ஆனால் வேறு தொழிலையும் தொடங்கினார்!

அதுதான் பெங்கால் கெமிக்கல். 1892-இல் எழுநூறு ரூபாய் முதலில், குடியிருந்த வாடகை வீட்டிலேயே ஆரம்பித்தார். நம் பக்கத்துப் பெரியவர்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டு விற்கப் போன காலம் அது. ராயின் வியாபாரம் வேறு தினுசு. கசாப்புக் கடைகளில் வீணாகப் போகும் மாட்டெலும்பை வாங்கி, அதிலிருந்து மருந்துக்கான சோடியம் பாஸ்பேட் செய்ய வேண்டும் என்பது திட்டம். எலும்பை வீட்டு மொட்டை மாடியில் காயப் போட்டார். ஜனவரி மாதம், பதினைந்து நாள் மழை பிடித்துக்கொண்டது. எலும்பில் ஒட்டியிருந்த சதை அழுகி நாற்றம். காக்கைகள் கூட்டமாக வந்து எலும்பைத் தூக்கிப்போய்ப் பக்கத்து வீடுகளில் எல்லாம் போட்டன. அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அள்ளிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே ஒரு செங்கல் சூளைப் பக்கம் போட்டுத் தீ வைத்தார்கள். ராத்திரியில் தீயைப் பார்த்த போலீஸ்காரர் கொலை செய்து பிணத்தை எரிக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு வந்து நின்றாராம்.

இந்த எலும்புச் சாம்பலில்தான் நம் பாடம் இருக்கிறது. அதில் முக்கியமாக இருப்பது கால்சியம் பாஸ்பேட். அதைக் கந்தக அமிலத்தோடு சேர்த்தால் கரையக்கூடிய பாஸ்பேட்டாக மாறும். ஒரு மூலக்கூறு கால்சியம் பாஸ்பேட்டுக்கு இரண்டு மூலக்கூறு அமிலம். ஆனால் மூலக்கூறை யார் எண்ணுவது? ராய் கையில் இருந்தது தராசு. கால்சியம் பாஸ்பேட்டின் மூலக்கூறு நிறை 310. கந்தக அமிலத்துக்கு 98, இரண்டுக்கு 196. அப்படியானால் 310 கிலோவுக்கு 196 கிலோ அமிலம். 31 கிலோவுக்கு 19.6 கிலோ. அமிலம் கூடினால் காசு நஷ்டம், மருந்திலும் அமிலம் தங்கும். குறைந்தால் எலும்பு மிஞ்சும். எழுநூறு ரூபாய் முதலில் தொழில் நடத்துகிறவருக்கு ரெண்டுமே தாங்காது.

இங்கே எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் எனக்கு மோல் புரிந்தது புத்தகத்தில் இல்லை, இரும்புக் கடையில். என் அப்பா தச்சு வேலை செய்கிறவர். பழைய வீடுகளின் கதவு, சன்னல் பழுது பார்ப்பார். நம் ஊர் வீடுகளில் எத்தனை கதவு இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராய் புத்தகத்தைப் பாதி படித்திருந்தபோது, ஐம்பது கீலும் அதற்குத் திருகாணியும் வாங்கி வரச் சொன்னார். ஒரு கீலுக்கு ஆறு திருகாணி, ஆக முந்நூறு. கடைக்கார அண்ணன் எண்ணவில்லை. நூறு திருகாணி 220 கிராம் என்று அவருக்குத் தெரியும். 660 கிராம் நிறுத்துப் பொட்டலம் கட்டிவிட்டார். நூறு கீல் ஒன்பது கிலோ, அதனால் கீல் நாலரைக் கிலோ. எண்ண வேண்டியதை எடையில் முடித்துவிட்டார். வீட்டுக்கு வந்து நான் சந்தேகப்பட்டு எண்ணினேன். இரண்டு திருகாணி கூடவே இருந்தது.

சைக்கிளில் வரும்போதே உறைத்தது. நூறு திருகாணியின் எடை 220 கிராம் என்பதுதான் மோலார் நிறை. கொடுத்த எடையை அதால் வகுத்தால் எத்தனை நூறு. எத்தனை நூறு என்று தெரிந்தால் அதால் பெருக்கினால் எடை. நிறையை மோலார் நிறையால் வகுத்தால் மோல். மோலை மோலார் நிறையால் பெருக்கினால் நிறை. கால் மோல் கால்சியம் கார்பனேட், மோலார் நிறை 100, ஆக 25 கிராம். நிலாவை உடைக்க வேண்டியதில்லை!

இன்னொன்றும் தோன்றியது. அண்ணன் நூறு என்று சொல்லும் கட்டில் உண்மையில் நூற்றிருபது இருந்தாலும் பரவாயில்லை. கீலுக்கும் திருகாணிக்கும் அதே எண்ணிக்கை இருந்தால் போதும், ஒன்றுக்கு ஆறு என்ற பொருத்தம் சரியாகவே வரும். எண்ணிக்கை என்னவென்றே தெரியாமல் கணக்குப் போட்டுவிடலாம். இதைச் சாரிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசாமல் என் முதுகில் தட்டினார். பிறகுதான் வரலாற்றைச் சொன்னார்.

ஒரே வெப்பநிலையில், ஒரே அழுத்தத்தில், ஒரே கொள்ளளவு வாயுக்களில் மூலக்கூறுகள் சம எண்ணிக்கையில் இருக்கும் என்று இத்தாலியின் அவகாட்ரோ 1811-இலேயே சொல்லிவிட்டார். அரை நூற்றாண்டு அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் ஆளுக்கொரு அணு எடை. ஆக்சிஜனுக்கு ஒருவர் 8 என்பார், இன்னொருவர் 16 என்பார். 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய வேதியியலார் மாநாட்டில் கானிசாரோ என்ற இன்னொரு இத்தாலியர் அவகாட்ரோவின் கருத்தை எடுத்துச் சொன்ன பிறகுதான் அணு எடைகள் ஒழுங்குக்கு வந்தன. அதற்கு அடுத்த வருடம் ராய் பிறக்கிறார். அவர் படிக்கப் போனபோது நம்பகமான அணு எடை அட்டவணை கையில் கிடைத்தது. மோல் என்ற சொல் 1890-களில் ஆஸ்ட்வால்ட் மூலம் வழக்குக்கு வந்தது. அவகாட்ரோ எண் என்ற பெயரையே பிரான்சின் பெரின் 1909-இல்தான் வைத்தார். இப்போது நாம் எழுதுகிற 6.02214076 × 10²³ என்பது துல்லியமான மதிப்பாக 2019 மே 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அதாவது ராய் தன் பெரிய கண்டுபிடிப்பைச் செய்தபோது அந்த எண் உறுதியாக யாருக்கும் தெரியாது. நான் தேர்வில் அள்ளி அள்ளிப் போட்ட எண் இல்லாமலேயே அவர் வேலை நடந்திருக்கிறது.

அந்தக் கண்டுபிடிப்புக்கு வருகிறேன். 1894-இல் பிரசிடென்சி கல்லூரிக்குப் புதிய ஆய்வகம் வந்தது. ராய் அப்போது நெய்யிலும் கடுகெண்ணெயிலும் செய்யும் கலப்படத்தைச் சோதித்து எழுதிக்கொண்டிருந்தார். இந்தியாவில் கிடைக்கும் அரிய கனிமங்களையும் பகுத்துப் பார்த்தார். மெண்டலீப் அட்டவணையில் காலியாக இருந்த கட்டங்களுக்குத் தனிமம் ஏதாவது சிக்குமா என்ற ஆசை. அது சிக்கவில்லை. இதற்கு நடுவில், மெர்க்குரஸ் நைட்ரேட் தயாரிக்க வேண்டி நீர்த்த நைட்ரிக் அமிலத்தைக் குளிர்ந்த நிலையிலேயே நிறையப் பாதரசத்தின் மேல் ஊற்றி வைத்தார். சில நேரம் கழித்துப் பார்த்தால் பாதரசத்தின் மேல் மஞ்சள் நிறப் படிகங்கள். முதலில் ஏதோ காரத்தன்மையுள்ள உப்பாக இருக்கும் என்றுதான் நினைத்தார். ஆனால் அமிலம் நிறைய இருக்கிற இடத்தில் அப்படிப்பட்ட உப்பு உண்டாவது வழக்கமில்லை. சோதித்தால் அது நைட்ரேட் இல்லை, நைட்ரைட். மெர்க்குரஸ் நைட்ரைட் என்ற உப்பை அதுவரை யாரும் இப்படிப் பிரித்து எடுத்துக் காட்டியதில்லை. நிலைத்து நிற்காது என்றே எண்ணியிருந்தார்கள்.

நைட்ரேட்டா, நைட்ரைட்டா? நைட்ரஜனோடு மூன்று ஆக்சிஜன் இருந்தால் நைட்ரேட், இரண்டு இருந்தால் நைட்ரைட். பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம், பொருளில் ஓர் அணு வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாத அந்த ஓர் அணுவை எடையில் எப்படிப் பிடிப்பது? நானும் என் பெஞ்சுக்காரனும் உட்கார்ந்து போட்ட கணக்கு இது. பாதரசத்தின் அணு நிறை 200.6. இரண்டு பாதரசம் 401.2. இரண்டு நைட்ரைட்டுக்கு 92. ஆக மொத்தம் 493.2. இதுவே நைட்ரேட்டாக இருந்தால் 401.2 உடன் 124 சேர்ந்து 525.2. இப்போது உப்பில் 100 கிராம் எடுத்து அதிலுள்ள பாதரசத்தை மட்டும் பிரித்து நிறுத்தால், நைட்ரைட்டாக இருந்தால் 81.3 கிராம், நீரில்லாத நைட்ரேட்டாக இருந்தால் 76.4 கிராம். ஏறக்குறைய ஐந்து கிராம் வித்தியாசம். நல்ல தராசு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். சந்தையில் அஞ்சு கிராம் என்பது ஒரு சிட்டிகை சீரகம். ராய்க்கு அது ஒரு புதிய பொருள்.

1896-இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் இதை வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு பல வருடம் நைட்ரைட்டுகளை விட்டு அவர் நகரவே இல்லை. வெள்ளி, கால்சியம், பேரியம், அமீன்கள் என்று ஒவ்வொன்றின் நைட்ரைட்டையும் தேடிப் போனார். நைட்ரைட் மாஸ்டர் என்று அவரைச் சொல்வார்கள். கல்கத்தாவில் பிரசிடென்சி வளாகத்தில் 2011-இல் இங்கிலாந்தின் ராயல் வேதியியல் கழகம் அவருக்காக ஒரு நினைவுப் பலகை வைத்தது. ஐரோப்பாவுக்கு வெளியே அந்த வகைப் பலகை வைத்தது அதுவே முதல் முறை.

இதே காலத்தில் இந்து வேதியியலின் வரலாறு என்று பெரிய நூலும் எழுதினார். முதல் பாகம் 1902, இரண்டாம் பாகம் 1909. பகலில் பாதரசத்தை நிறுப்பது, மற்ற நேரத்தில் பாதரசத்தைப் பற்றிய பழைய வடமொழிச் சுவடிகளைப் படிப்பது. நம் சித்த வைத்தியர்கள் ரசம் என்பதும் இந்தப் பாதரசத்தைத்தான், சோற்றுக்கு ஊற்றுவதை அல்ல.

எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்தது 1912. பத்தாம் வகுப்பு நண்பர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எடை விகிதத்துக்கு ஒரு குறை உண்டு. பாதரச உப்பில் ஒரு பாதரசம் ஒரு நைட்ரைட் என்று வைத்தாலும் 81.3 தான், இரண்டு இரண்டு என்று வைத்தாலும் 81.3 தான். விகிதம் தெரியும், மூலக்கூறு முழுசாக எவ்வளவு பெரிசு என்று தெரியாது. அதற்குப் பொருளை ஆவியாக்கி, அந்த ஆவி ஹைட்ரஜனைவிட எத்தனை மடங்கு கனம் என்று நிறுத்துப் பார்க்க வேண்டும். இதுதான் ஆவி அடர்த்தி. அதை இரண்டால் பெருக்கினால் மூலக்கூறு நிறை. இதுவும் அவகாட்ரோ சொன்னதிலிருந்து வருவதுதான்.

ராய் எடுத்துக்கொண்டது அம்மோனியம் நைட்ரைட். இதை நமக்குத் தெரியும். அம்மோனியம் குளோரைடையும் சோடியம் நைட்ரைட்டையும் நீரில் கரைத்துச் சூடாக்கினால் நைட்ரஜன் வரும் என்று படிக்கிறோமே, அங்கே நடுவில் உண்டாகி உடனே சிதைந்துபோவது இதுதான். சிதைந்தால் நைட்ரஜனும் நீரும். இப்படித் தொட்டால் உடைகிற உப்பை ஆவியாக்கி நிறுப்பதா என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். ராயும் அவருடைய மாணவர் நீல்ரத்தன் தார் முதலியோரும் உப்பைத் தூய்மையாக எடுத்து, வெற்றிடத்தில் மெதுவாகச் சூடாக்கி அதைச் செய்தார்கள்.

உப்பு முழுசாக ஆவியாகிறதா, உடைந்து ஆவியாகிறதா என்பதைத் தராசு எப்படிச் சொல்லும்? அம்மோனியம் நைட்ரைட்டின் மூலக்கூறு நிறை 64. முழுசாக ஆவியானால் ஆவி அடர்த்தி 32. உடைந்தால் ஒரு மோல் உப்பிலிருந்து ஒரு மோல் நைட்ரஜன், இரண்டு மோல் நீராவி, ஆக மூன்று மோல் வரும். அதே 64 கிராம் இப்போது மூன்று மோலில் பரவி நிற்கிறது. ஒரு மோலுக்குச் சராசரி 21.3 கிராம், ஆவி அடர்த்தி 10.7 தான். 32-க்கும் 10.7-க்கும் இடையில் குழப்பத்துக்கே இடமில்லை. உப்பு உடையாமலே ஆவியாகிறது என்பதுதான் அவர்கள் வந்த முடிவு. 1912-இல் பல்கலைக்கழக மாநாட்டுக்காக லண்டன் போயிருந்த ராய், அங்கே வேதியியல் கழகத்தில் இதைப் படித்தார். நியான், ஆர்கான் வாயுக்களைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான வில்லியம் ராம்சே கூட்டத்தில் இருந்து பாராட்டினார்.

இந்த உப்பைத் தயாரித்த வழியைக் கவனியுங்கள். அம்மோனியம் குளோரைடையும் சில்வர் நைட்ரைட்டையும் சேர்ப்பது. குளோரின் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும், அம்மோனியம் நைட்ரைட் கரைசலில் நிற்கும். ஒன்றுக்கு ஒன்று. நான் என்ன செய்திருப்பேன்? ஒன்றுக்கு ஒன்றுதானே என்று இதில் 50 கிராம் அதில் 50 கிராம் போட்டிருப்பேன். ஆனால் அம்மோனியம் குளோரைடுக்கு மோலார் நிறை 53.5, சில்வர் நைட்ரைட்டுக்கு 153.9. ஐம்பது கிராம் சில்வர் நைட்ரைட் மூன்றில் ஒரு பங்கு மோலுக்கும் குறைவு, சரியாகச் சொன்னால் 0.325. ஐம்பது கிராம் அம்மோனியம் குளோரைடோ 0.935 மோல். சில்வர் நைட்ரைட் தீர்ந்துபோக, அம்மோனியம் குளோரைடில் 32 கிராமுக்கு மேல் அப்படியே மிஞ்சிக் கரைசலில் கலந்து நிற்கும். அந்தக் கலப்பட உப்பை ஆவியாக்கி நிறுத்திருந்தால் என்ன எண் வந்திருக்குமோ. லண்டனில் எழுந்து நின்று படிப்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

மீதி வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், தாளில் இடம் குறைந்துகொண்டே வருகிறது. பெங்கால் கெமிக்கல் 1901-இல் லிமிடெட் கம்பெனி ஆனது. அங்கே செய்து பேர் வாங்கிய மருந்துகளில் ஒன்று நமக்கு நன்றாகத் தெரிந்தது, ஓம வாட்டர். 1980-இல் அந்தக் கம்பெனி அரசுடைமையாக்கப்பட்டது. 1916-இல் ராய் பிரசிடென்சியிலிருந்து ஓய்வு பெற்று, கல்கத்தா பல்கலைக்கழகத்தின் புதிய அறிவியல் கல்லூரியில் பேராசிரியரானார். 1919-இல் சர் பட்டம் வந்தது. ஆனால் உடுத்தியது கதர். 1921-இல் அறுபது வயது முடிந்ததும், இனி என் சம்பளத்தைப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறைக்கே செலவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். 250 ரூபாய்க்காக ஒரு காலத்தில் போய் நின்ற மனிதர் என்பதை நினைத்துப் பாருங்கள். அப்போது கேட்டது பணத்துக்காக இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அதன் பிறகு 1936 வரை, எழுபத்தைந்து வயது வரை, பாடம் நடத்தினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்லூரிக் கட்டடத்திலேயே ஓர் அறை, அதில் ஒரு கட்டில், புத்தகங்கள், கூடத் தங்கிப் படிக்கும் மாணவர்கள். 1922-இல் வட வங்காளத்தில் வெள்ளம் வந்தபோது நிவாரண வேலையை அவரே முன்நின்று நடத்தினார். 1924-இல் இந்திய வேதியியல் கழகம் தொடங்கியபோது அவர்தான் முதல் தலைவர். மேக்நாத் சாகா, சத்யேந்திர நாத் போஸ் எல்லாம் அவரிடம் படித்தவர்கள். அவர்கள் இயற்பியலில் பேர் வாங்கியதில் ராய்க்கு வருத்தம் இருந்திருக்காது என்று நம்புவோம்.

1944 ஜூன் 16-ஆம் தேதி, அந்தக் கல்லூரி அறையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

நம் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டியது 1948 ஜூலை 25-இல். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1953 ஜனவரி 14-இல் ஆய்வகம் திறக்கப்பட்டது. ராய் இருந்திருந்தால் வந்து பார்த்திருப்பார். அங்கே செய்கிற மின்முலாம் பூசும் வேலைக்கும் இதே கணக்குதான் அடிப்படை. ஒரு மோல் வெள்ளி, அதாவது 107.9 கிராம், படிய வேண்டுமானால் ஏறக்குறைய 96,500 கூலும் மின்சாரம் வேண்டும்.

சார் கேட்ட கேள்விக்குப் பதில்: ராய் போட்டதாக நான் மேலே எழுதிய கணக்கு எதிலும், நாங்கள் போட்ட கணக்கு எதிலும் 6.022 வரவில்லை. என் தேர்வுத் தாளில் மட்டும்தான் வந்தது. எத்தனை மூலக்கூறு என்று யாராவது கேட்டால் அப்போது எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்பது, பத்து, பதினோராம் வகுப்பு நண்பர்களுக்கு ஒரு கணக்கு. ராய் செய்த அதே முறையில் அம்மோனியம் நைட்ரைட் செய்யப் போகிறோம். அம்மோனியம் குளோரைடு 10.7 கிராம் இருக்கிறது. கொஞ்சமும் மிஞ்சாமல் வினை முடிய சில்வர் நைட்ரைட் எத்தனை கிராம் நிறுக்க வேண்டும்? அம்மோனியம் நைட்ரைட் எத்தனை கிராம் கிடைக்கும்? எண்கள் எல்லாம் மேலேயே இருக்கின்றன. விடையைக் கீழே கோடு போட்டிருக்கிற இடத்தில் பெயரோடு எழுதிவிட்டுப் போங்கள். பென்சிலில் மட்டும். போன தடவை யாரோ மை பேனாவால் எழுதித் தாளே ஊறிப்போச்சு.

— பதினோராம் வகுப்பு அறிவியல் பிரிவு மாணவன், கீழச்சிவல்பட்டி